ஒரு பக்கம் தடித்த ஸ்கோன்

எல்ஸ்பெட் ஸ்லேட்டர் 1906 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மீனவ ஊரான போர்ட்நாக்கியில் பிறந்தாள். பதினைந்து வயதில் ஹெர்ரிங் மீன் அறுக்கப் போனாள். நிமிடத்துக்கு நாற்பது மீன் அவள் கணக்கு. 1926-இல் இங்கிலாந்தின் யார்மத் மீன்துறையில், பீப்பாய் செய்பவன் ஒருவன் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்தான். திரும்பாமலே கத்தியை வீசினாள். அவன் காதுக்கு நான்கு தையல் போட்டார்கள். அன்று மாலையும் அவள் மீன் அறுத்தாள்.

கணவன் 1934-இல் படகோடு கடலில் மூழ்கிப் போனான். பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்தது தங்கை நானி ஒருத்திதான்.

நானியைக் கட்டியவன் ஹெக்டர் இம்லாக், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த பண்ணை ஒன்றில் குதிரைக்காரன். 1951-இல் கொட்டில் கதவிடுக்கில் அவள் வலது கையை வைத்துக் கதவைச் சாத்தினான். இரண்டு விரல்கள் வளைந்தே கூடின. அடுத்த ஆண்டு விலா எலும்பு. 1953 மார்ச் 12, வியாழக்கிழமை, கிழிந்த உதட்டோடு பதினோரு மைல் நடந்து அக்காவிடம் வந்து சேர்ந்தாள். எல்ஸ்பெட் அவளை மச்சில் ஏற்றி ஒளித்தாள். மச்சுக்கு ஏணி ஒன்றுதான் வழி.

எல்ஸ்பெட் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நடந்ததில் பாதியை அந்தச் சுவர் வழியாகக் கேட்டேன். மற்றதைச் சகோதரிகள் இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

சனிக்கிழமை மதியம் நானி கீழே இறங்கி வந்தாள்.

"சும்மாவே குந்தியிருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்க்கா. அந்த மாவை இப்படித் தள்ளு."

"கை வலிக்கும்டி."

"வலிக்கிற கைதானே, வலிக்கட்டும்."

ஸ்கோன் என்கிற தட்டை ரொட்டிக்கு, மாவில் சோடா உப்புக் கலந்து மோரை ஊற்றிவிட்டால் காத்திருக்க முடியாது. உடனே தட்டி, நான்காக வெட்டி, கணப்பின் மேல் சங்கிலியில் தொங்கும் இரும்புக் கல்லில் போட்டாக வேண்டும். நானி தட்டினாள். வளைந்த விரல்கள் அழுந்தாததால் ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பு தடித்தே நின்றது. இரண்டாம் ஈடு கல்லில் வெந்துகொண்டிருந்தபோது தெருவில் ஆணி அடித்த பூட்ஸ் சத்தம் கேட்டது. நானி ஏணியில் ஏறிவிட்டாள்.

"எங்க அவ?" என்றான் ஹெக்டர்.

"பூட்ஸைத் துடைச்சிட்டு வா மாப்ளே. இது உன் குதிரைக் கொட்டில் இல்ல."

"விளையாடாத மதினி."

"விளையாடுற வயசா எனக்கு? அவ இங்க இல்ல. அபர்தீன் பக்கம் போய்த் தேடு."

வீட்டுக்குள் வந்தவனுக்குக் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு ஒன்றைக் கொடுக்காமல் எங்கள் ஊரில் யாரும் அனுப்ப மாட்டார்கள். கொடுக்காவிட்டால் சந்தேகப்படுவான் என்றும் எல்ஸ்பெட் நினைத்தாள். முதல் ஈட்டை மூடியிருந்த துணிக்கடியிலிருந்து ஒன்றை எடுத்து, வெண்ணெய் தடவி நீட்டினாள். அவன் போக வாசல் பக்கம் திரும்பினான். கடிப்பதற்கு வாயருகே கொண்டு போனவன் நிறுத்தி, அதைப் புரட்டிப் பார்த்தான்.

"இதை யார் தட்டினது?"

"வேற யாரு, நான்தான்."

"உன் கை நேரான கை, மதினி. இது நான் வளைச்ச கை."

மணி மூன்று நாற்பது. மேசை கவிழ்ந்த சத்தத்தில் என் சுவரிலிருந்த கடிகாரம் ஆடியது. கணப்பு கிளறும் கம்பியை எடுத்து அவள் இடது முன்கையில் அடித்தான். எலும்பு முறிந்தது. விழுந்தவளின் வயிற்றில் பூட்ஸால் இரண்டு முறை உதைத்தான். பிறகு மச்சைப் பார்த்துக் கத்தினான்.

"நானி, நீயா இறங்கி வந்தா உன் அக்கா பிழைப்பா. நான் பத்து எண்ணுவேன்."

நான்கு எண்ணுவதற்குள் நானியின் கால் ஏணியின் மேல்படியில் இருந்தது. "அவளை விட்டுரு. வரேன்," என்றாள்.

தரையில் கிடந்த எல்ஸ்பெட் ஏணியின் அடியை எட்டி உதைத்தாள். ஏணி சரிந்து ஹெக்டரின் தோளில் விழுந்தது. நானி மச்சின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, மேலே தொற்றிக்கொண்டாள். அவன் ஏணியைத் தள்ளிவிட்டு நிமிர்வதற்குள், எல்ஸ்பெட் எழுந்து, கல்லை அதன் வளைவுக் கைப்பிடியோடு கொக்கியிலிருந்து வெறும் வலக்கையால் கழற்றி அவன் முகத்தில் அறைந்தாள். பாதி வெந்த ஸ்கோன்கள் அவன் கழுத்தில் ஒட்டின. அவன் அலறியபடி சாய்ந்தான். அவள் இன்னொரு முறை ஓங்கினாள். நான் கதவைத் திறந்தது அப்போதுதான். கல்லை அவள் கீழே போட்டபோது உள்ளங்கைத் தோல் கைப்பிடியிலேயே தங்கிவிட்டது.

பான்ஃப் நீதிமன்றத்தில் மே 20-ஆம் தேதி, எல்ஸ்பெட்டை அடித்ததற்காக ஹெக்டர் மேல் விசாரணை. அவனுக்கு இடது கண் போயிருந்தது. மனைவி தானாகவே கணவனிடம் திரும்பிவர இருந்தாள், அக்காதான் தடுத்துச் சண்டையை மூட்டினாள் என்று அவனுடைய வக்கீல் வாதாடினார். நானியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்.

"உங்களை யாரும் இழுக்கல. நீங்களாத்தானே ஏணியில இறங்குனீங்க?"

"ஆமாங்கய்யா."

"அவர்கூடப் போகத்தானே?"

"ஆமா. போயிருப்பேன்." நானி ஹெக்டரைப் பார்க்கவில்லை, கட்டுப் போட்ட கைகளோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள். "போயிருந்தா இன்னிக்கு இந்தக் கூண்டுல எனக்குப் பதிலா என் பிணத்தை அறுத்த டாக்டர் நின்னிருப்பாரு."

அவனுக்கு மூன்று ஆண்டு சிறை கிடைத்தது. நானி அவனிடம் திரும்பிப் போகவில்லை.