முற்காலத்தில் என்று எழுதிய அட்டை

சின்னப்பா சேர்த்து வைத்திருந்த சாமான்களைப் பார்த்தால் பழைய இரும்புக்காரன் தராசைக்கூட எடுக்க மாட்டான். ஒரு கொட்டாங்குச்சி, ஒரு கோணிச் சாக்கு, ஒரு ஜோடி செருப்பு, சொட்டை விழுந்த ஒரு பித்தளைக் குடம். ஸ்ரீராம்புரத்தில் நாலு பேர் கால் நீட்டிப் படுக்க முடியாத வீட்டில் இவற்றுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார். பீடை பிடித்த மூலை என்பாள் அவர் மனைவி முத்தம்மா. அவள் விளக்குமாறு அந்தப் பக்கம் போகாது.

சாக்கடைக் குழிகளில் இறங்கி அடைப்பு எடுப்பது சின்னப்பாவின் வேலை. சுதந்திரம் வந்த வாரத்தில் பெரிய ரோட்டு ஓட்டலில் ஊருக்கெல்லாம் இலவசக் காப்பி கொடுத்தார்கள். இவரும் கூட்டாளிகளும் போனபோது வழக்கம்போல் கொல்லைப்பக்கம் வரச் சொல்லி, வழக்கம்போல் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். மற்றவர்கள் குடித்துவிட்டு எறிந்தார்கள். இவர் மட்டும் தலைத்துண்டால் துடைத்து மடியில் கட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நாளைக்கு அப்படி ஒண்ணும் நடக்கவே இல்லேன்னுடுவாங்க" என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

சாக்கு, மகள் சரளாவுடையது. பள்ளிக்கூடத்தில் வாசற்படி ஓரமாகப் போட்டு உட்கார வீட்டிலிருந்து அவள் கொண்டுபோனது. இரண்டாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள், சாக்கு மிஞ்சியது. செருப்பு, சின்னப்பாவின் அப்பாவுடையது. பெரிய மனிதர்கள் வீட்டு வழியெல்லாம் கையில் தூக்கிக்கொண்டே நடந்த செருப்பு என்பதால் அதன் அடி கடைசிவரை தேயவில்லை.

குடம் முத்தம்மாவுடையது. ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் தெருக்குழாய் வறண்டுபோக, ஜனங்கள் மர வியாபாரி வெங்கடசாமியின் மண்டிக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். எல்லாரும் எடுக்கிறார்களே என்று முத்தம்மாவும் போனாள். மண்டி ஆட்கள் குடத்தைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார்கள். பிறகு ரீப்பர் கட்டையால் அவள் மணிக்கட்டிலும் அடித்தார்கள். எலும்பு கோணலாகவே கூடியது. அன்றிலிருந்து அந்தக் கையால் அவளால் மாவு பிசைய முடியாது, தலை வார முடியாது.

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சின்னப்பா ஒருவரை விடாமல் கெஞ்சிக் கேஸ் போட்டார். பார்த்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. ருசு, அதாவது ஆதாரம், இல்லை என்று கேஸ் தள்ளுபடியானது. கோணிப்போன கையோடு அவள் முன்னால் நிற்கும்போதே ருசு இல்லை என்றார்கள். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து சின்னப்பா வாய்விட்டு அழுதார். சேர்த்து வைத்த சாமான்களுக்கு அன்றுதான் அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது. எல்லாம் ருசு. இனி யாரும் இல்லை என்று சொல்ல முடியாதபடி ஒரு அறையில் வைத்து, ஊரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும். வேறெந்த ஆசையும் அவருக்கு இல்லாமல் போனது.

அறுபத்தொன்றில் பேட்டைச் சங்கம் ஒரு படிப்பகம் கட்டியது. சங்கச் செயலாளர் ஜெயராமன் மில் குமாஸ்தா, நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். பின்னறையைக் காட்சிசாலையாக்கத் தருகிறோம் என்றான். சின்னப்பாவுக்குச் சந்தோஷத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முத்தம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "என் பேரு போடுவியா?"

"உன் பேரு, வருஷம், கெணறு யாருதுன்றது வரைக்கும் போடுவேன்."

ஆனால் படிப்பகத்துக்குச் சிமெண்டும் கூரை மரமும் கொடுத்தவர் வெங்கடசாமி. கார்ப்பரேஷன் தேர்தலில் நிற்கும் ஆசை வந்தபின் மண்டிக்காரருக்குப் பேட்டை ஜனங்கள் மேல் பாசம் பொங்கியிருந்தது. குடத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் எழுதப்போவது அவர் காதுக்குப் போக, ஜெயராமன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"கொடம் இருக்கட்டுமாம் அண்ணா. பேரும் வருஷமும் வேணாமாம். முற்காலத்தில்னு பொதுவா எழுதிடலாம். இல்லேன்னா அறை இல்லை."

சின்னப்பா அறையின் சுவரைத் தடவிப் பார்த்தார். புதுச் சுண்ணாம்பு, காற்றோட்டமான ஜன்னல். பதினாலு வருஷம் காத்திருந்த இடம்.

"எழுதிக்கோ தம்பி" என்றார். முத்தம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு கவுன்சிலர் வந்தார். மண்டி ஆட்கள் பெரிய அண்டாவில் பானகம் கரைத்து எல்லாருக்கும் ஊற்றினார்கள். முத்தம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு குடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தன் பெயரைப் படிக்கும்போது அங்கே இருக்கவேண்டும் என்று நின்றாள்.

ஜெயராமன் அட்டையைச் சத்தமாகப் படித்தான். "முற்காலத்தில் கிணற்றில் நீர் எடுக்கத் தடை இருந்தது."

"எப்படியெல்லாம் இருந்திருக்காங்க பாருங்க" என்று கவுன்சிலர் வருத்தப்பட்டார். வெங்கடசாமியும் கூடவே வருத்தப்பட்டார்.

முத்தம்மா மேற்கொண்டு படிப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் படிக்கவில்லை. அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவள் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்துக் குடத்தின் சொட்டைமேல் வைத்தாள்.

"முற்காலத்துல இல்லீங்கய்யா. மூணு வருசந்தான் ஆச்சு. இது என் கொடம். இது என் கை. இன்னிக்கும் அந்தக் கெணத்தாண்ட போனா தொரத்துறாங்க. உங்க டம்ளர்ல இருக்கிற பானகம் அந்தக் கெணத்துத் தண்ணிதான். அவரு இங்கதானே நிக்கிறாரு, நாளைக்கு நான் போய் ஒரு கொடம் மொண்டுக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க."

கவுன்சிலர் டம்ளரைக் கீழே வைத்தார். விசாரிக்கிறேன் என்றார். வெங்கடசாமி சிரித்துக்கொண்டே, "ஹோக்லி பிடி சுவாமி, போகட்டும் விடுங்க" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லி அவரை வெளியே அழைத்துப் போனார். அத்தோடு விழா முடிந்தது.

நாலாம் நாள் பின்னறையில் வெங்கடசாமியின் சிமெண்ட் மூட்டைகள் ஏறின. சாமான்கள் படிப்பகத்து வாசலில் கிடந்தன. ஜெயராமன் அந்தப் பக்கமே வரவில்லை. சின்னப்பா தனியாக எல்லாவற்றையும் கோணியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பதினாலு வருஷ ஆசை நாலே நாளில் மண்ணாய்ப் போனது. அதைவிட, மனைவி முகத்தில் விழிக்கக் கூசியது.

முத்தம்மா திட்டவில்லை. விளக்குமாற்றை எடுத்து அந்த மூலையை முதல்முறையாகப் பெருக்கினாள். குடத்தை வைத்து, அட்டையைச் சாய்த்து நிறுத்தினாள்.

"எது அந்த வார்த்தை?"

அவர் காட்டினார். சாக்கடைக் குழி மூடிகளைப் பூச வேலையில் கொடுத்த தார் ஒரு டப்பாவில் இருந்தது. அதைக் குச்சியில் தொட்டு முதல் வார்த்தையை அழித்தார்.

"மீதி படி."

எழுத்துக்கூட்டிப் படித்தார். "கிணற்றில் நீர் எடுக்கத் தடை... இருந்தது."

"இருந்ததா?"

சின்னப்பா மறுபடி தாரைத் தொட்டுக் கடைசி வார்த்தையையும் அழித்தார். அவள் பெயரை எழுத முதல் எழுத்தை ஆரம்பித்தார். முத்தம்மா கோணல் கையால் அட்டை நகராமல் பிடித்துக்கொண்டாள்.