எண்ணெய் இழுக்காத பட்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்துச் சேவை மன்றத்துக்குக் கை கொள்ளாத வேலை. துலா மாதத்தில் காவிரியில் முங்கி எழுவதற்காக ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். முங்கியதும் உடுத்தியிருந்த துணியை அப்படியே ஆற்றோடு விட்டுவிட்டு, மாற்றுத்துணி கட்டிக்கொண்டு, பாவமெல்லாம் போயிற்று என்று நிம்மதியாக பஸ் ஏறிவிடுவார்கள். பாவம் போயிருக்கும், சந்தேகமில்லை. துணிதான் போகாது. பத்தடி தள்ளிப் போய்த் தடுப்புக் கம்பியில் சுற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். அதை எடுப்பதுதான் எங்கள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பியும் கையில் தொரட்டியுமாக ஈரப்படிகளில் வரிசையாக நிற்போம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போகும். எதிர்க்கரை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். மஞ்சள், நாமக்கட்டி, கற்பூரம், நனைந்த துணி எல்லாம் கலந்த ஒரு வாசனை மூக்கிலேயே தங்கிவிடும். யாரோ மந்திரம் சொல்வதும் யாரோ குளிரில் "ஆத்தாடி" என்பதும் ஒன்றாகக் கேட்கும். தண்ணீருக்குள் சேலைகள் உப்பி உப்பித் தணியும். பார்த்துக்கொண்டே நின்றால் நாம்தான் மிதக்கிறோமோ என்று தோன்றிவிடும். "தொரட்டிய நீட்டுடி, கனவு காணாத" என்று பக்கத்தில் நிற்கும் ஷாகிரா இடித்த பிறகுதான் கரைக்கு வருவேன்.

எல்லாம் உயிரியல் டீச்சரின் யோசனை. எடுத்த துணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி, விளையாட்டு மைதானத்துக் கம்பிவேலியில் காயப்போட்டு, சதுரம் சதுரமாக வெட்டிக் கட்டுக் கட்டி மெக்கானிக் கடைகளுக்கு விற்பது. கிரீஸ் துடைக்க அவர்களுக்குத் துணி வேண்டும், அதற்கு அங்கே 'வேஸ்ட்' என்றே பெயர். வருகிற பணத்தில், நோயாளிக்குத் துணையாக வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொள்கிறவர்களுக்கு, மழை வலுப்பதற்குள் பாயும் போர்வையும் வாங்கித் தர வேண்டும். எங்கள் முதல் வாடிக்கையாளர் பாலக்கரையில் டூவீலர் ஷெட் வைத்திருந்த ஷாகிராவின் அத்தா. அந்த உரிமையில் ஷாகிரா ஒவ்வொரு துணியையும் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். பருத்தி என்றால் தலையாட்டல். பட்டோ நைலானோ என்றால், "எண்ணெய் இழுக்காது. எங்க அத்தா வாங்க மாட்டாங்க." அவள் கழித்துப் போட்டதெல்லாம் ஸ்டோர் ரூம் மூலையில் ஒரு சாக்கில் கிடக்கும்.

டீச்சருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. "ஆத்துல விட்டது விட்டதுதான். எவ்வளவு நல்ல துணியா இருந்தாலும் சரி, ஒரு கைக்குட்டைகூட வீட்டுக்குப் போகக் கூடாது. புரியுதா?" புரிகிறது என்று கோரஸாகச் சொல்வோம். சொன்னவர்களில் என் குரல்தான் பெரிசு.

இனி அக்காவைச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அந்த ஆவணியில்தான் அவளுக்கு எடமலைப்பட்டி புதூரில் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்த பட்டு, இலைப்பச்சையில் மாம்பழ நிறக் கரை. நிச்சயத்தன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தே தீருவேன் என்று நான் அடம்பிடித்து, உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் முந்தானையில் ரோஸ்மில்க்கைக் கொட்டினேன். வேறு யாராவது என்றால் முதுகில் ஒன்று வைத்திருப்பார்கள். அக்கா கறை உள்ளே போகும்படி முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல போட்டோவுக்குச் சிரித்தாள்.

மாப்பிள்ளையை நான் அன்றைக்கே மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் புதூர் மாமா பைக்கில் வருவார். எனக்கென்று ஒரு கோன் ஐஸ் வாங்கி வருவார். காவிரிப் பாலம் தாண்டி வருவதற்குள் பாதி உருகி அவர் கையில் வழிந்திருக்கும். அவருடைய பைக் சத்தம் தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்கு அதற்கும் முன்னால் தெரியும் போலிருக்கிறது, அவள் கொடியிலிருந்து துணி எடுக்க வாசலுக்கு வந்திருப்பாள்.

புரட்டாசியில் பைக் வருவது நின்றது. கேட்டதற்கு, "கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி வச்சிருக்கு. உனக்கெதுக்கு அதெல்லாம், போய்ப் படி" என்றாள் அம்மா. அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து ஷூவைக் கழற்றாமலே வெகு நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். குளிக்கும்போது பாடுவதை மட்டும் விட்டுவிட்டாள். ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஐப்பசி இரண்டாவது ஞாயிறு அம்மாவும் அக்காவும் படித்துறைக்கு வந்திருந்ததைப் பார்த்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் தொரட்டியை ஆட்டிக் காட்டினேன். அம்மா என்னைப் பார்த்ததும் அக்காவின் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினாள். கடமையில் இருக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான் என்று நான் இன்னும் விறைப்பாக நின்றேன். அக்கா நிச்சயப் பட்டைக் கட்டியிருந்தாள். விசேஷ மாசமாயிற்றே, கட்டக் கூடாதா என்ன.

அந்த நேரம் பார்த்துத் தீர்த்தம் எடுக்கக் கோயில் யானை வந்துவிட்டது. யானை வந்தால் உலகத்தில் வேறு எதையும் நான் பார்ப்பதில்லை. அது மணியசைத்துத் திரும்பிப் போன பிறகு பார்த்தால் அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆற்றில் அது வந்தது. வேட்டிகள், ஒரு பூப்போட்ட நைட்டி, பிறகு பச்சை. முதலில் தண்ணீருக்கு அடியில் ஒரு நிழலாக, அப்புறம் முழுசாக விரிந்து, கரை தங்கமாக மின்னிக்கொண்டு, அவசரமே இல்லாமல் என்னை நோக்கி வந்தது. அவ்வளவு அழகாக அந்தச் சேலையை நான் பார்த்ததில்லை. தொரட்டியில் மாட்டி இழுத்து முந்தானையைப் புரட்டினேன். ரோஸ்மில்க் கறை அப்படியே இருந்தது.

அக்கா நிச்சயப் பட்டை ஆற்றில் தொலைத்துவிட்டாள். புதூர்க்காரர்கள் கேட்டால் என்ன சொல்வாள்? இது தெரிந்தால் கல்யாணம் தையில்கூட நடக்குமா? வீட்டுக்குப் போனதும் அக்கா அழுதுகொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பழைய சுடிதாரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தரம் நான் ஜியோமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு மூன்று வாரம் வாயே திறக்காமல் இருந்தவள். எனக்குத் தெரியாதா? பயத்தில் மறைக்கிறாள், அம்மாவும் சேர்ந்து அப்பாவிடமிருந்து மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். நான்தான் காப்பாற்ற வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது.

ஸ்டோர் ரூம் சாக்கிலிருந்து பட்டை எடுத்த அன்று, டீச்சரின் சட்டத்தைக் கோரஸில் சொன்ன வாய் உலர்ந்துபோனது. ஷாகிரா வாசலில் காவல் நின்றாள். "எங்க அத்தா எப்படியும் வாங்கப் போறதில்ல. தூக்கிப் போடுறத எடுத்தா அது திருட்டாடி?" என்று நியாயமும் சொன்னாள். அவர்கள் வீட்டு மொட்டைமாடி நிழலில் இரண்டு நாள் காய்ந்தது. ஷாம்பு போட்டு ஆற்று வாசனையைப் போக்கினோம். கறை மட்டும் போகவில்லை. பிறகு இஸ்திரி வண்டி அண்ணனிடம் கொண்டுபோய், மேலே ஈரத்துணி போட்டு மெதுவாகத் தேய்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கடைசி மடிப்பை நானே மடித்தேன். கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல இருந்தது.

எங்கள் வீட்டில் தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், சாமி படத்தின் முன்னால் மணையில் அடுக்கியிருக்கும் புதுத்துணிகளை அப்பா ஒவ்வொருவர் கையிலும் எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் தடவியிருக்கும். அந்த அடுக்கில் கடைசியாகப் பச்சைப் பட்டைச் செருகி, ஓரத்தில் மஞ்சளும் தடவி வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் எனக்கு எண்ணெய் எரிச்சல்கூடத் தெரியவில்லை.

அம்மாவுக்கு, எனக்கு, அக்காவுக்கு என்று கொடுத்து முடித்தார் அப்பா. மணையில் இன்னும் ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்து, "இது யாருது?" என்றார்.

"அக்காவோடதுப்பா. ஆத்துல தொலைச்சுட்டு வந்து பயந்து சொல்லாம இருந்தா. நான்தான் புடிச்சு எடுத்தேன். இனிமே தை மாசத்துக்குக் கவலையே இல்ல."

வெளியே யாரோ சரம் கொளுத்தினார்கள். அது வெடித்து முடிகிற வரைக்கும் அப்பா அந்தப் பட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "உனக்கு யாருடி..." என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அக்கா நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"விடும்மா. அவளுக்கு என்ன தெரியும்?" என்றாள். அப்பாவிடமிருந்து பட்டை வாங்கிக்கொண்டாள். முந்தானையைப் புரட்டிப் பார்த்தாள், கறையை விரலால் தொட்டாள். "மடிப்புகூட கலையாம அயர்ன் பண்ணியிருக்கா பாரு" என்றாள்.

பத்து நிமிஷத்தில் அதைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். அவளுக்கு எடுத்த புதுச் சுடிதார் திரும்ப மணைக்கே போய் அன்று முழுவதும் அங்கேயே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் போனில் அவளோடு நிறைய போட்டோ எடுத்துக்கொண்டேன். அம்மா அடுப்படியைவிட்டு வரவில்லை. தாளிக்கிற புகை கண்ணில் பட்டது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகப் படித்துறைக்கு வந்தாள். இந்தத் தடவை யாரும் அவளைத் திருப்பவில்லை. கூட்டத்தோடு இறங்கி மூன்று முறை முங்கினாள். பெண்கள் உடை மாற்றும் அறைக்குப் போய்ச் சுடிதாரில் வந்தாள். ஈரப் பட்டைப் பிழிந்து கையில் சுருட்டி வைத்திருந்தாள். ஆற்றில் விடவில்லை. நேராக என்னிடம் வந்து என் பிளாஸ்டிக் வாளியில் போட்டாள்.

"இத மறுபடியும் வீட்டுக்குக் கொண்டு வந்துடாத, என்ன?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

எவ்வளவு பாடுபட்டுத் தேய்த்து மடித்த பட்டு. "இது பட்டுக்கா. எண்ணெய் இழுக்காது. யாரும் வாங்க மாட்டாங்க" என்றேன்.

"பரவால்ல, வெட்டிப் போடு. எதையாவது துடைக்கும்" என்று என் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் படியேறிப் போனாள். அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. நடுப்படியில் நின்று முடியைப் பிழிந்தாள். சன்னமாக ஏதோ பாடுவது கேட்டது. ஜலதோஷம் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டோர் ரூமில் நானும் ஷாகிராவும் அதைச் சதுரமாக வெட்டினோம். கத்திரிக்கோல் கரையில் சிக்கிச் சிக்கி நின்றது. டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஷாகிரா பச்சைத் துண்டுகளைப் பருத்திக் கட்டுகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் செருகி, "அத்தா கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தப் பணமும் சேர்ந்து காந்தி மார்க்கெட் பக்கத்துக் கடையில் பாயும் போர்வையும் ஆயிற்று. வராந்தாவில் ஓர் அம்மாள் போர்வையை வாங்கிய கையோடு தலைவரை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டார். நன்றிகூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் குறை.

புதூர்க்காரர்கள் புரட்டாசியிலேயே வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள் என்பதும், நிச்சயப் பட்டை உடுத்திக்கொண்டு போய்த் துலா மாதக் காவிரியில் விட்டுவிட்டு வந்தால் பெண்ணுக்கு அந்தப் பந்தம் கழியும் என்று ஜோசியர் சொன்னதும், அதற்கு அக்கா சம்மதிக்கவே அம்மா ஒரு மாதம் மன்றாடியதும் எனக்குப் பிற்பாடு துண்டு துண்டாகத் தெரியவந்தது. அப்போதும் தீபாவளியை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்கிற வயது வருவதற்கு இன்னும் எத்தனையோ ஐப்பசி போக வேண்டியிருந்தது.

அந்தத் தீபாவளிச் சாயங்காலம் தெருமுனையில் எந்த பைக் திரும்பினாலும் நான் வாசலுக்கு ஓடினேன். சேலை கிடைத்துவிட்டது, மாமா வராமல் இருப்பாரா? உருகிய கோன் ஐஸோடு எப்படியும் வருவார் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடி ஓடித் திரும்பினேன். "வெடி மேல பட்டுடப் போகுது, உள்ள வாடி" என்று ஒவ்வொரு தடவையும் அக்கா கூப்பிட்டாள். பச்சைப் பட்டோடு கூடத்து நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூட எழுந்து வாசலை எட்டிப் பார்க்கவில்லை. எழுந்தால் நான் தேய்த்த மடிப்பு கசங்கிவிடும் என்றுதான் அப்படி அசையாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன்.