என் கணவர் மோட்டாரை நிறுத்திய நாள்

என் கணவரின் அண்ணன் பழவேற்காடு ஏரியில் இறந்தார். மார்கழிப் பனியில் வலை விட்டுக்கொண்டிருந்த அவருடைய சின்னப் படகின் மேல், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் மோட்டார் படகு ஏறிவிட்டது. இடித்தவர் நிற்காமல் போய்விட்டார். ஏதோ மரக்கட்டை என்று நினைத்தேன் என்றார். விபத்து என்று பஞ்சாயத்தில் முடித்துவிட்டார்கள்.

காரியம் முடியும்வரை என் கணவர் கத்தினார், குடித்தார், சுவரில் முட்டிக்கொண்டார். அதற்கு நான் பயப்படவில்லை. ஒருநாள் எல்லாம் நின்றுபோனது. அண்ணனை இடித்த அந்த மனிதரோடு சிரித்துப் பேச ஆரம்பித்தார். அவர் எங்கே வலை விடுகிறார், என்றைக்குத் தனியாகப் போகிறார் என்று சாப்பிடும்போது என்னிடம் சொல்வார். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும். மகளுக்குக் காய்ச்சல் வந்து போனதுகூட அவருக்குத் தெரியாது.

திருவிழாக் கூத்தில் பழிவாங்கச் சபதம் போடுகிறவன் வந்தால் நானும் கைதட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் பக்கத்தில் படுத்துத் தூங்குவது எப்படி என்று எந்தக் கூத்திலும் காட்டியதில்லை.

ஒரு பிற்பகல், தீவுப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு நாங்கள் மூவரும் எங்கள் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பில் அந்த மனிதரின் படகு, மோட்டார் நின்றுபோய், அலை உடையும் இடத்தை நோக்கிப் போனது. அவரோடு அவருடைய வயதான அம்மாவும் இருந்தார். அவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நைனா, அவரு நம்மளத்தான் கூப்புடுறாரு," என்றாள் மகள்.

"தெரியுது," என்று சொல்லி, என் கணவர் மோட்டாரை நிறுத்தினார்.

"இன்னாய்யா பண்ற? அந்தக் கெழவி வேற இருக்குது."

"எங்கண்ணனும்தான் இருந்தான். சும்மா பாரு. நாம ஒண்ணும் பண்ணல."

குரல் உயரவே இல்லை. மகளின் துண்டைப் பிடுங்கி, கடலிலிருந்து வந்துகொண்டிருந்த படகுகளைப் பார்த்து ஆட்டினேன். என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார். என்னைத் தண்ணீரில் தள்ளிவிடுவார் என்றே நினைத்தேன். மகள் அலறினாள். பிடி தளர்ந்தது. அதற்குள் ஒரு படகு திரும்பி வந்து அவர்களுக்குக் கயிறு வீசிவிட்டது.

சாயங்காலம் அந்த மனிதர் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஒன் படகுலேர்ந்து துணி ஆட்டுனதாலதான் அவங்க பாத்தாங்களாம்," என்றார். கிழவி என் கணவரின் கன்னத்தைத் தடவினார்.

"அதுக்கின்னாண்ணா, உக்காரு, டீ குடி," என்றார் என் கணவர், சிரித்த முகத்தோடு.

அண்ணா என்று அவர் கூப்பிட்டதைக் கேட்டதும், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளை உள்ளே கூட்டிப்போனேன்.

மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு, பொன்னேரி போய் ரயிலேறி, ஆரம்பாக்கத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். சில வாரம் கழித்து என் கணவர் வந்தார். வாசலோடு உட்கார்ந்துகொண்டார்.

"கெழவி கன்னத்த தடவுனதுலேர்ந்து சோறு எறங்கல," என்றார். "அன்னிக்கி வேணும்னேதான் நம்ம மோட்டார நிறுத்திட்டுப் பாத்துட்டிருந்தேன்னு அவங்கிட்ட போயி சொல்லிட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"எங்கண்ணன் கத்துனது அவனுக்குக் கேட்டுச்சாம். பயத்துல நிக்கலையாம்."

"நீ இன்னா பண்ண?"

"எழுந்து வந்துட்டேன்."

கொஞ்ச நாள் கழித்து ஊருக்குத் திரும்பினோம். என் கணவரும் அந்த மனிதரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. அவரவர் வலையை அவரவர் விடுகிறார்கள். மகள் மட்டும் தன் அப்பாவோடு தனியாகப் படகில் ஏறமாட்டாள். அவரும் கூப்பிடுவதில்லை.