நோன்பு அடையும் ரங்கூன் அரிசியும்

ஜப்பான்காரனும் சீனாக்காரனும் அண்டை நாட்டுக்காரர்கள். அவர்கள் அடித்துக்கொண்டால் கரமனையில் எங்கள் வீட்டு அரிசிப் பானை ஏன் காலியாக வேண்டும்? பக்கத்து வீட்டு வாத்தியார் பேப்பர் படித்துவிட்டுத் தினம் ஒரு காரணம் சொல்வார். ஒரு நாள் நிலக்கரி, மறுநாள் எண்ணெய், இன்னொரு நாள் மானம்.

"அவா ரெண்டு பேருக்கும் நடுவிலே பொதுச் சுவரா இருக்கு? எனக்கொண்ணும் மனசிலாகல்லை" என்பார் மாமியார். எனக்கும்தான் ஒன்றும் விளங்கவில்லை.

என் கணவர் அப்போது ரங்கூனில் ஓர் அரிசிக் கம்பெனியில் குமாஸ்தா. யுத்தம் பர்மாவுக்கும் பரவி, ரங்கூனில் குண்டு விழுந்தது என்று கேள்விப்பட்ட பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பர்மா அரிசியும் வரவில்லை. வீட்டில் வேளாவேளைக்கு மரச்சீனிக் கிழங்குதான்.

மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது காரடையான் நோன்பு வந்தது. கணவன் ஆயுசுக்காகப் பட்டினி இருந்து, அரிசி மாவில் அடை தட்டிப் படைத்து, கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிற நோன்பு. அரிசிக்கு எங்கே போவது? கிழங்கைக் காயவைத்து இடித்த மாவை எடுத்தேன்.

"இதென்னடி அக்ரமம்? கிழங்கு மாவிலயா நோன்பு?" என்றார் மாமியார்.

"ஜப்பான்காரன்கிட்டப் போய் அரிசி கேக்கட்டுமா?" என்றேன். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வாயில் வரும்.

அவர் உள்ளே போய் ஒரு சின்னத் தூக்கைக் கொண்டுவந்தார். அதில் பச்சரிசி. மாமனாரின் திவசத்துக்கென்று ஒளித்து வைத்திருந்தது.

"திவசத்துக்கு என்ன பண்ணுவேள்?"

"பிண்டம் வைக்க வேண்டியவன் அங்கேன்னா இருக்கான். அவன் வந்தாத்தானே அரிசி வேணும்? இடிடி."

செத்தவருக்கு வைத்த அரிசியில், உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதவருக்கு அடை தட்டினேன். சரியா தப்பா என்று யாரைக் கேட்பது? கணவர் பங்கு அடையைப் பசுவுக்குக் கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள் அரிசி கிடைக்குமா என்று சாலைக் கடைத்தெருவுக்குப் போனபோது கடைக்காரர் சொன்னார்: "ரங்கூன்ல அரிசி மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கிக்கெல்லாம் தீ வச்சுட்டாங்களாம்மா."

யார் வைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. "வச்ச கை அழுகிப் போகட்டும்" என்று கடைத்தெருவே கேட்கச் சபித்தேன். அதன்பின் கிழங்கு நறுக்கும்போதெல்லாம் அதே வசவுதான்.

ஆடியில் என் கணவர் வந்து சேர்ந்தார். காடும் மலையும் நடந்து, எலும்பும் தோலுமாக. மாமியார் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், இலையைப் போட்டுக் கிழங்கைப் பரிமாறினேன்.

"சாதம் இல்லையா?"

"ஏது? ஜப்பான்காரன்தான் எல்லாத்தையும் கொளுத்திட்டானே."

அவர் இலையையே பார்த்தார். "அவன் வரதுக்கு முன்னாடி நாங்கதான் கொளுத்தினோம். அவன் கையிலே அரிசி சிக்கப்படாதுன்னு துரையோட உத்தரவு. எங்க கிட்டங்கிக்கு நான்தான் தீ வச்சேன்."

நான் ரசக் கரண்டியோடு நின்றேன். இந்த மனிதருக்காகத்தான் நோன்பிருந்தேன். இந்த மனிதரைத்தான் நாள் தவறாமல் சபித்தும் இருந்தேன். இனி யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

ரசத்துக்காக அவர் வலது கையைக் குவித்து நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன்.