கேன் தண்ணீரும் பெயர் போட்ட மதிப்பாய்வும்

ஆராய்ச்சிக் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்வது என்றால் என்ன என்று என் அண்ணன் ஒருமுறை கேட்டார். ஒருவர் எழுதியதை அதே துறையில் இருக்கும் இன்னொருவர் படித்துவிட்டு, தேறும் அல்லது தேறாது என்று சொல்வது என்றேன்.

"யாரு சொன்னதுன்னு எழுதினவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மொட்டக் கடுதாசின்னு சொல்லு" என்றார்.

அண்ணன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். நான் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

முகம் தெரியாத மதிப்பாய்வாளர்கள் எனக்குச் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் என் கட்டுரையின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை என்பது அவர் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது. பதில் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இன்னொருவர், சில கட்டுரைகளை நான் கட்டாயம் மேற்கோள் காட்ட வேண்டும் என்றார். அத்தனையும் ஒரே ஆசாமி எழுதியவை. அந்த ஆசாமி யாராக இருக்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு முனைவர் பட்டம் தேவைப்படவில்லை. பெயர் வெளியே வராது என்றால்தான் உண்மையைத் தைரியமாகச் சொல்ல முடியும் என்று எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தைரியத்தை இதுவரை யாரும் செலவழித்து நான் பார்த்ததில்லை.

அதனால் திறந்த மதிப்பாய்வு நடத்தும் ஓர் இதழிலிருந்து அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அங்கே கட்டுரை முதலில் இணையத்தில் வந்துவிடும். மதிப்பாய்வாளர் எழுதுவது அதன் கீழேயே அவருடைய பெயரோடு வரும். ஆசிரியர் சொல்லும் பதிலும் அதற்கடியில் வரும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டே கட்டுரையைத் திறந்தேன். எழுதியவர் சென்னையில் பெரிய பேராசிரியர். ஆராய்ந்தது கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் வீட்டுத் தண்ணீரை. அது என் அண்ணன் வீடு இருக்கும் ஊர்.

ஊரின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க மிகவும் ஏற்றது என்றது கட்டுரை. அந்தத் தண்ணீரில் நான் முகம் கழுவியிருக்கிறேன். வெள்ளைத் துணியை அலசினால் பழுப்பாகிவிடும். வீட்டுக்கு வீடு தண்ணீரின் தரத்தில் வியக்கத்தக்க ஒற்றுமை காணப்படுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு புகைப்படம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு நடுவில், கையில் பாட்டிலோடு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுப்புடவையில் என் அண்ணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அண்ணி அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்தார்.

"அண்ணி, காலேஜ் பசங்க வந்து தண்ணி கேட்டாங்களே, எந்தத் தண்ணி குடுத்தீங்க?"

"கேன் தண்ணிதான். பின்ன?"

"அவங்க போர் தண்ணிதானே கேட்டாங்க?"

"உங்க ஊட்டுத் தண்ணி கொஞ்சம் குடுங்கன்னாங்க. அவ்ளோ படிச்சவங்க வெயில்ல வந்துகினு நிக்கறாங்க, அவங்க கையில போயி பழுப்புத் தண்ணிய குடுத்தா நம்பள இன்னா நெனைப்பாங்க? எதிரூட்ல கேன் தீந்துபோச்சு. பாவம், நான்தான் ஒரு சொம்பு ஊத்திக் குடுத்தேன். பக்கத்தூட்டுக்கும் நம்பளுதுதான்."

வியக்கத்தக்க ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"நீ சிரிக்கற. இங்க லாரி நின்னுடும்னு பயந்துகினு கெடக்கறோம்."

ஊராட்சி அனுப்பும் டேங்கர் லாரிதான் அந்தத் தெருவுக்குச் சமைக்கவும் குடிக்கவும் தண்ணீர் கொண்டுவருகிறது. கேன் என்பது விருந்தாளிக்கும் காய்ச்சல்காரருக்கும் வாங்குவது. ஒன்றிய அலுவலகத்தில் ஓர் அதிகாரி, மதிப்பாய்வே முடியாத அந்தக் கட்டுரையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் ஊர்த் தண்ணீர் நன்றாக இருப்பதாக ஆராய்ச்சியே சொல்கிறது, அடுத்த மாதத்திலிருந்து லாரி எதற்கு என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டாராம். என் அண்ணி உபசாரம் செய்து தன் லாரிக்கே உலை வைத்திருந்தார்.

மறுநாள் கல்லூரியில் சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். முகத்தில் கவலையோடு கேட்டவர், "ரெண்டு எழுத்துப்பிழை காட்டிட்டு ஓகே போட்டுடுங்க மேடம். அவர் நாளைக்கு எந்த கமிட்டியில வந்து உட்காருவாரோ, யாருக்குத் தெரியும்? எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார். பெயர் வெளியே தெரியாத இதழாக இருந்தால் நானும் எதையாவது மழுப்பி எழுதி நழுவியிருப்பேனோ என்னவோ. இங்கே வழியில்லை. தண்ணீர் நன்று என்று என் பெயருக்கு மேலே இருந்தால், அண்ணன் அதைச் செல்போனிலேயே படித்துவிடுவார்.

எழுதினேன். இந்த ஊரில் எனக்கு உறவினர் இருக்கிறார்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். மாதிரிகளை எடுத்தது குழாயிலிருந்தா, வீட்டார் கையிலிருந்தா என்று கேட்டேன். வீட்டார் மரியாதை கருதிக் கடையில் வாங்கிய தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்கள் என்றும், படத்தில் இருக்கும் பெண்மணி என் அண்ணி, அவரே இதைச் சொன்னார் என்றும் எழுதினேன். அண்ணியிடம் முன்பே சம்மதம் கேட்டிருந்தேன். "எழுதிக்கோ, ஆனா நாங்க ஏமாத்திட்டோம்னு எழுதாத" என்றார். அனுப்பிவிட்டேன்.

பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், உங்க ரிப்போர்ட் படிச்சேன். என் ஸ்டூடண்ட்ஸ் படிச்சாங்க. எங்க டீனும் படிச்சிட்டார். எனக்குத் தனியா ஒரு மெயில் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம் சார். ஆனா உங்க கட்டுரை தனியா இல்லையே. அதை வெச்சுதான் தண்ணி லாரிய நிறுத்தப் போறாங்க."

எந்த லாரி என்று கேட்டார், சொன்னேன்.

"அந்தத் தெருவை எனக்குக் காட்ட முடியுமா?" என்றார்.

வந்தார். மாணவர்களை ஏவாமல், பம்பை ஓடவிட்டுக் குழாயடியில் அவரே குனிந்து பாட்டில்களை நிரப்பினார். சட்டைக் கையில் பழுப்புக் கறை. வேலை முடிந்ததும் அண்ணி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பேராசிரியர் அதை வாங்கி உள்ளே பார்த்தார், குடிக்கவில்லை.

"பயப்படாம குடிங்க சார்" என்றார் அண்ணி. "நல்லாருக்குன்னு நீங்க எழுதினீங்களே, அதே தண்ணிதான்."

மாணவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்து, அந்தக் கேன் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

சில வாரங்களில் திருத்திய கட்டுரை வந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல என்றது. என் மதிப்பாய்வின் கீழே அவருடைய பதில்: நாங்கள் பரிசோதித்தது கடைத் தண்ணீரை, முதல் முடிவு தவறு, தவறு எங்களுடையது, வீட்டாருடையது அல்ல. பெரிய மனிதர்கள் இப்படி எழுதி நான் படித்ததே இல்லை. அவர்மேல் எனக்கு நிஜமாகவே மதிப்பு வந்தது, அதை யாரிடமும் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு அண்ணனும் நானும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"மொதல்ல நல்லாருக்குன்னாங்க, இப்ப கெட்டதுங்கறாங்க. இவங்களே மாத்தி மாத்திச் சொன்னா எதைத்தான்யா நம்பறது?"

அண்ணன் பொறுமையாக மேசைமேல் குனிந்தார். "சார், கேள்வி கேட்டது இன்னாருன்னு இங்க பேரு கீது. தப்புன்னு ஒத்துக்கினது இன்னாருன்னு இங்க பேரு கீது. நீங்க லாரிய நிறுத்தறதா இருந்தா, நிறுத்திக்கோங்க. எங்க ஊர்த் தண்ணிய குடிக்கலாம்னு ஒரு வரி எழுதி, கீழ உங்க பேரும் போட்டுக் குடுத்துடுங்க."

என் பேனாவை வாங்கி அவர் முன்னால் வைத்தார். அதிகாரி அதைத் தொடவில்லை. லாரி இன்றுவரை நிற்கவில்லை.