ஏறிய முக்கால் கிலோ

மலைமேல் பழங்குடிக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் எடைக்காரம்மா. பதினெட்டு வருடமாகத் தோளில் தராசைச் சுமந்து ஏறி, வீடு வீடாகப் பிள்ளைகளை எடை போடுகிறவள். கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். சாப்பிட உட்காரும் கணவரைக்கூட விட்டுவைப்பதில்லை. "அரைக் கிலோ கூடிட்டீங்க" என்பாள். மனிதர் பாவம், அடுத்த கவளத்துக்கு யோசிப்பார்.

கடைசி வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை வயது. நோஞ்சான். மூன்று மாதமாக எடை அசையவே இல்லை. அந்த மாதம் தராசு முள் ஒரேயடியாக முக்கால் கிலோ ஏறி நின்றது. எடைக்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கன்னம் உப்பி எப்படி ஆயிட்டான் பாரு! இனிமே கவலைய விடும்மா."

தாயின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் திடீரென்று எடை ஏறினால் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. எடைக்காரம்மா அழுத்திப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சேதி வந்தது. அடித்துப் பிடித்து ஓடினாள். டாக்டர் பாதத்தை அழுத்தி விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது. ஏறியது சதையல்ல, நீர். சத்தில்லாத உடம்பு இப்படியும் வீங்கும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குப் பாடம் நடத்தியவளே அவள்தான். பிழைப்பானா என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கட்டிலோரம் தாய் பால் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"தேறிட்டான்னு சொன்னீங்களேக்கா. அதான் அவனோட சத்துமாவையும் பெரியவளுக்கே கரைச்சுக் குடுத்துட்டேன். நான் பண்ணது தப்பாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு கணம் எடைக்காரம்மா அப்படியும் நினைத்தாள்; அதற்காகவும் வெட்கப்பட்டாள்.

"இல்லம்மா. தப்பு என்னோடது. வந்தது வீக்கம். அன்னைக்கே காலை அழுத்திப் பாத்திருக்கணும், பாக்கல."

தாய் திட்டவில்லை, அழவும் இல்லை. கையிலிருந்த கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தப் பால் இவ்வளவு போதுமான்னு கேக்கணும்," என்றாள். "தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிடுங்கக்கா."