ஷிப்கூம் பலகையில் இருந்த ஆடு

டார்கஸ் பெல்லமி இங்கிலாந்தின் சாமர்செட் பக்கத்துக் கடைகளுக்கும் பப்களுக்கும் பெயர்ப்பலகை வரைந்தே ஐம்பத்தெட்டு வயதை எட்டியவள். அவளுடைய ஊரான ஷிப்கூமிலிருந்து கடலைப் பார்க்க ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். ஆனாலும் ஊரார் தங்களைக் கப்பல்காரர் பரம்பரை என்றே சொல்லிக்கொள்வார்கள். பப்புக்குப் பெயரே ‘ஷிப்’, அதாவது கப்பல். அதன் சுவர் முழுக்க மீன்வலை.

அந்த மார்ச்சில் பப் முதலாளி கிளெம் யோ, மழையில் வெளுத்த பலகையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

“கப்பலோட பாய் எடுப்பா தெரியணும் டார்கஸ். போன தடவை வரைஞ்சவன் தலையணை உறையைக் காயப்போட்ட மாதிரி வரைஞ்சுட்டான்.”

வீட்டு முற்றத்தில் பலகையைக் கிடத்திப் பழைய பூச்சைச் சுரண்டினாள். கப்பலுக்குக் கீழே இன்னொரு கப்பல். அதற்குக் கீழே சுருள் சுருளாக வெள்ளை. அலை நுரை என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் ஒரு காது வந்தது. பிறகு ஒரு கண் அவளையே பார்த்தது. சுரண்டியைக் கீழே வைத்தாள்.

வாசலில் தபால்காரி டாம்சின் வவுல்ஸின் சைக்கிள் மணி கேட்டது.

“டாம்சின்! கடுதாசியைப் போட்டுட்டு ஓடி வாடி! இது என்னன்னு சொல்லு!”

டாம்சின் குனிந்து பார்த்தாள். “செம்மறி ஆடு!” என்று கத்தியவள் அங்கேயே குதித்தாள். “அடியே, சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுப் போச்சே! அந்தக் காலத்துல ஆட்டைத்தான் இங்க ‘ஷிப்’னு சொன்னாங்க. கூம்னா பள்ளத்தாக்கு. நம்ம ஊரு ஆட்டுப் பள்ளத்தாக்குடி! ஒருத்தராச்சும் காது கொடுத்தீங்களா?”

இருவரும் பலகையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு தெருவழியே பப்புக்கு ஓடினார்கள். கிளெமின் முகம் தொங்கிப்போனது.

“எங்க தாத்தா மாலுமிம்மா...”

“உங்க தாத்தா கடல்ல கால் நனைச்சதே ஒரே ஒரு தடவை. அதுவும் சர்ச் சுற்றுலாவுல!” என்றாள் டாம்சின். பப்பே சிரித்தது.

கிளெம் சிரிக்கவில்லை. அந்தக் காதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “எவனோ உயிரோட்டமா வரைஞ்சிருக்கான்யா.”

அதுதான் டார்கஸையும் உலுக்கியிருந்தது. அந்தக் கம்பளி மயிரை அவளால் அப்படித் தீட்ட முடியாது. பொறாமையும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின.

“இதும்மேல நான் தூரிகை வைக்க மாட்டேன் கிளெம்,” என்றாள்.

மூன்று வாரம் நகக்கண் அளவாகச் சுரண்டி, முழு ஆட்டையும் வெளியே கொண்டுவந்து வார்னிஷ் மட்டும் பூசினாள். மே மாதம் பலகை மேலே ஏறியது.

“பப் பேரை மாத்தணுமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“எதுக்கு?” என்றார் கிளெம். “ஷிப்னா ஆடுதானேய்யா!”

டார்கஸ் நடுத்தெருவில் நின்று, வருகிற போகிற கார்களையெல்லாம் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.